பின்னால் உயர்ந்த கை

லிஃப்ட் நடுவழியில் நின்றுபோய், உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், எங்கோ ஒரு வீட்டில், துணிக்கொடிக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் காதில் மணி அடிக்கும். அவளை அவள் அப்பா லிஃப்ட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்.

கூட வேலை பார்க்கும் பதினோரு பேரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. ஷிஃப்ட் தொடங்கியதும் எல்லோரும் கேமராவைப் போட்டுக்கொண்டு ஒரே திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்துவிட வேண்டும். எட்டு மணி நேரமும் அப்படியே. மணி அடித்தால் பதினைந்து நொடிக்குள் எடுக்க வேண்டும். எடுத்ததும் சொல்ல வேண்டியதை எழுதியே கொடுத்திருந்தார்கள்: "பயப்படாதீங்க, நாங்க உங்களைப் பாத்துக்கிட்டேதான் இருக்கோம்." லிஃப்ட்டுக்குள் கேமரா எதுவும் கிடையாது. மெக்கானிக் போய்ச் சேரும்வரை குரலை வைத்தே ஆளைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி.

அப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்தபின் அவருடைய கட்டிலை அவள் மேசைக்குப் பின்னால் போட்டார்கள். இன்டர்நெட் ஒயர் வந்த சுவரைப் பார்த்துத்தான் மேசையைப் போட முடிந்தது. அதனால் எப்போதும் அவருக்கு அவள் முதுகுதான். அவர் குரலும் மெலிந்துவிட்டது. அவள் ஹெட்ஃபோன் மாட்டினால் காதில் விழாது. ஒருநாள், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு பாட்டியம்மாவை அவள் தேற்றிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அப்பாவின் கண்டக்டர் விசில் ரெண்டு தடவை கேட்டது.

"என்னம்மா, லிஃப்ட்டு கிளம்பப் போவுதா?" என்றார் அந்த அம்மா.

பதினோரு கட்டங்களும் விழுந்து விழுந்து சிரித்தன. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏம்பா இப்படி மானத்தை வாங்குறீங்க?"

"ரெண்டு விசில் அடிச்சா வண்டியை எடுக்கணும். நீதான் நகரவே மாட்டேங்கிறியே, லிஃப்ட்டுக்காரி."

விசிலை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அதற்குப் பதிலாக ஓர் ஏற்பாடு செய்தாள். திரையின் மூலையில் அவளுடைய கட்டத்தில் அவளுக்குப் பின்னால் கட்டிலும் தெரியும். "வேணும்னா கையைத் தூக்குங்க. நான் பாத்துடுவேன், உடனே வந்துடுவேன்."

"ஸ்டாப்பிங்ல நிக்கிறவன் மாதிரியா? சரிதான். நிறுத்தாம மட்டும் போயிடாதே."

கொஞ்ச நாள் நன்றாகவே நடந்தது. நன்றாக என்றால், மணிக்கு நாலு தடவை கை உயரும். ஃபேனைக் குறைக்க, தலையணையை நகர்த்த, சில சமயம் ஒன்றுமே இல்லாமல், பஸ்ஸில் ஆடு ஏற்ற வந்தவன் கதையைச் சொல்ல.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி எல்லோருக்கும் பின்னணியில் கம்பெனியின் கண்ணாடிக் கட்டடப் படம்தான் தெரிய வேண்டும். அவள் அதைப் போட்டாள். கட்டில் மறைந்தது. அப்பா மறைந்தார். அவர் கையைத் தூக்கினால் கண்ணாடிக் கட்டடம்தான் அசையாமல் நின்றது.

ஒரு கைக்கண்ணாடியை மேசைமேல் சாய்த்து வைத்திருந்தால் போதும், பின்னால் கட்டில் தெரிந்திருக்கும். அது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. முதல் நாளே தோன்றியது. நாளைக்கு வைக்கலாம் என்று விட்டாள். அன்று சாயங்காலம் தோளிலிருந்து ஏதோ இறங்கியது போல லேசாக இருந்தது. மறுநாளும் வைக்கவில்லை. அப்பாவிடம் சொல்லவும் இல்லை.

மணிக்கொரு தடவை எழுந்து போய்ப் பார்த்தாள். ஒரு தடவை திரும்பியபோது கை ஏற்கெனவே மேலே இருந்தது. முழங்கைக்கு அடியில் தலையணையை முட்டுக்கொடுத்திருந்தார்.

"எவ்வளவு நேரமாப்பா?"

"இப்பதான். யாராச்சும் மாட்டிக்கிட்டாங்களா?"

"ஆமாம்பா."

"பாவம். அவங்களை முதல்ல இறக்கி விடு. எனக்கென்ன, படுத்துட்டுதானே இருக்கேன்."

அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு மணிகூட அடித்திருக்கவில்லை.

நாலு மாதம் இப்படியே போயிற்று. அப்பா போனது நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில், அவள் பக்கத்தில் இருக்கும்போதுதான். அதற்கும் கைக்கும் சம்பந்தமில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டால் அரை மணி நேரம் தாங்கியது.

வெளியூரிலிருந்து வந்த தம்பி மூன்று வாரம் தங்கினான். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னான். "எங்க அக்கா வேலை பாத்துக்கிட்டே அவரைப் பாத்துச்சு. அப்பா போன்ல சொல்வாரு. 'கையைத் தூக்குனா போதும்டா, அவ பாத்துடுவா. வர லேட்டானா எவனோ லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டான்னு அர்த்தம்'பாரு."

வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் தலை குனிந்துகொண்டாள்; அடக்கம் என்று நினைத்தார்கள்.

அவள் வேலைக்குத் திரும்பிய காலையில் தம்பி காபியோடு வந்து, வெறும் கட்டிலில் உட்கார்ந்தான். கேமரா ஓடியது.

"டேய், கையைத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்கேன். தூக்கிட்டு இங்க திரையைப் பாரு."

தூக்கினான். எட்டிப் பார்த்தான். அவள் தலைக்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடம் பளபளத்தது. அவன் கையை ஆட்டினான். அப்போதும் கட்டடம்தான்.

"எத்தனை நாளா இப்படி?"

"நாலு மாசம்."

"அவருக்குத் தெரியுமா?"

அவள் தலையசைத்தாள், இல்லையென்று.

"ஏங்கா சொல்லல?"

மூன்று வாரமாக இதற்கு எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"சொன்னா மறுபடியும் விசில் கேப்பாரு."

காபி ஆறி ஆடை கட்டியது. தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாதவன்போல மெதுவாக மடியில் வைத்துக்கொண்டான்.

மணி அடித்தது. பதினைந்து நொடி. அவள் எடுத்தாள்.

"யாரு? யாராச்சும் இருக்கீங்களா? என்னை உங்களுக்குத் தெரியுதா?" ஓர் ஆண் குரல், மூச்சிரைத்தது.

பதினோரு கட்டங்களும் பார்த்துக்கொண்டிருந்தன. எழுதிக் கொடுத்த வாசகம் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தது.

"இல்லைங்க" என்றாள். "தெரியல. உங்களை என்னால பாக்க முடியாது. குரல் மட்டும்தான் கேக்குது. மெக்கானிக் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க."