அம்மா கேட்டு வாங்கிய உப்பு

மரக்காணத்துக்கு உப்பு ஏற்ற வந்த லாரியில் கிளீனராக இறங்கியவன் நான். முதுகு பிடித்துக்கொண்டது. டிரைவர் என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். எட்டாவதோடு படிப்பை விட்டு, இறால் பண்ணை, பரோட்டாக் கடை, லாரி என்று திரிந்தவனுக்கு அது பெரிய விஷயமில்லை. உப்பளத்து ஓரமாக இருந்த ஒரு வீட்டில் கார் ஓட்டவும் கூடமாட வேலை செய்யவும் ஆள் தேடுவதாக டீக்கடையில் சொன்னார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி வீடு. அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். லைசென்ஸைக் காட்டியதும் சேர்த்துக்கொண்டார்கள்.

கோர்ட்டுக்கு அலைய முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டு வராந்தாவில் வந்து நிற்பார்கள். பிரம்மதேசம் பக்கத்து விவசாயிகள், கடலோரக் குப்பத்துக்காரர்கள், உப்பளக்காரர்கள். ஐயா இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சாப்பிடுவார். சாப்பிட்டு வந்துதான் முடிவு சொல்வார். சொன்னால் தோற்றவனும் கும்பிட்டுவிட்டுப் போவான். அந்த வீட்டில் யாரிடமும் எதையும் வாங்குவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தாலும் அம்மா கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். ஜன்னலைத் திறந்தால் கண் கூசும்படி உப்புக் குவியல்கள். சமையலறையிலோ திண்டிவனத்தில் வாங்கிய பாக்கெட் உப்பு. இங்கே உப்பு விளைவிக்கிற யாரும் என்றைக்காவது ஒரு நாள் வழக்கோடு வந்து நிற்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஐயாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. காலையில் வந்தவனை மதியம் தெரியாது. சாப்பாடு போடும்போது அம்மா மெதுவாக எடுத்துக் கொடுப்பார். சிவப்புச் சட்டைக்காரர் இப்படிச் சொன்னார், அந்தக் கிழவி அப்படிச் சொன்னாள் என்று. வராந்தாவுக்குப் பின்னால் கதவோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு வைத்திருப்பார். முடிவு மட்டும் ஐயாவுடையது. சட்டமும் நியாயமும் அவரை விட்டுப் போகவில்லை.

“வெளியில ஒரு வார்த்தை போகக்கூடாதுப்பா” என்றார் அம்மா ஒரு நாள். “தெரிஞ்சா, அஞ்சாறு வருஷமா தோத்தவங்க எல்லாரும் கெளம்பி வருவாங்க. புத்தி தடுமாறிச் சொன்ன தீர்ப்புன்னுவாங்க. அவர் பேரே போயிடும்.”

அந்த வருடம் ஓர் உப்பளக்காரர் வரப்பு மேல் முள்கம்பி போட்டுவிட்டார். குப்பத்துப் பெண்கள் மீன் கூடையோடு ரோட்டுக்கு வரும் வழி அது. ஞாயிற்றுக்கிழமை பேச்சு என்று முடிவானது. சனிக்கிழமை அம்மாவும் நானும் மாத்திரை வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போனோம். திரும்பி வந்தபோது சமையலறை மேடையில் மஞ்சள் தடவிய துணிப்பை ஒன்று வாய் திறந்து கிடந்தது. உள்ளே புது உப்பு. பருவத்தில் முதலில் வாரும் உப்பை அப்படிக் கட்டி வேண்டிய வீடுகளுக்குக் கொடுப்பது அந்த உப்பளக்காரரின் வழக்கம்.

“யார் வந்தாங்க?” என்று அம்மா கேட்டார்.

“யாரும் வரலையே” என்றார் ஐயா.

“இந்த உப்பு?”

“நீதானே வாங்கிட்டு வந்தே. மோர்ல போட்டுக் குடிச்சேன். நல்லா இருக்குது.”

அம்மா பையின் வாயைச் சுருட்டிக் கட்டினார்.

“திருப்பிக் குடுத்துட்டு வந்துடட்டுமாம்மா?” என்றேன்.

“குடிச்சதை எப்படித் திருப்பிக் குடுக்கிறது?”

மறுநாள் காலை வராந்தா நிறைந்துவிட்டது. ஐயா நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். யாரும் வாயைத் திறப்பதற்குள் குப்பத்துப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள்.

“ஐயா, நேத்து இந்தாளு பையோட உள்ள போயி வெறுங்கையோட வந்தத நான் பாத்தேன். அவரு உப்பத் துன்னுட்டு எங்களுக்கு இன்னா நாயம் சொல்லப் போறீங்க?”

ஓர் இளைஞன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். உப்பளக்காரர் சிரித்துக்கொண்டே, “ஐயாவே கை நீட்டி வாங்கிக்கினாரு. அதுல உனுக்கின்னா வயித்தெரிச்சல்?” என்றார்.

ஐயா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. ‘யாரும் வரவில்லை’ என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சொன்னால் ஒன்று பொய்யர், இல்லை புத்தி கெட்டவர்.

அம்மா வெளியே வந்தார். பேச்சு நடக்கும்போது அந்த வராந்தாவுக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை.

“நான்தான் கொண்டு வரச் சொன்னேன். காசு குடுத்து வாங்கினதுன்னு நெனச்சு இவர் கையில வாங்கினார்.”

“நீங்க எப்பம்மா...” என்று உப்பளக்காரர் ஆரம்பித்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் நிறுத்திக்கொண்டார்.

ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். கோர்ட்டில் இப்படித்தான் இருந்திருப்பார்.

“எப்போ சொன்னே?”

“போன வாரம். ரோட்டுல பார்த்தப்போ.”

“இவர் மேல வழக்கு வருதுன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க வேணாம்பீங்கன்னுதான்.”

இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அம்மா சொன்னது எங்கேயாவது இடித்திருக்கும். அவர் கேட்கவில்லை.

“இத்தனை வருஷம் என் கூட இருந்து நீ கத்துக்கிட்டது இதுதானா?” என்றார். எல்லோருக்கும் கேட்டது. போனிலும் பதிவாகியிருக்கும். அம்மா தலை குனிந்து நின்றார். “ஒரு தரப்போட உப்பு என் வீட்டுல செலவாயிருக்குது. இனிமே இதுல நான் பேசக்கூடாது. தாலுகா ஆபீசுக்குப் போங்க.”

படியிறங்கும்போது குப்பத்துக்காரர் ஒருவர், “ஐயா ஐயாதான்யா” என்றார். பக்கத்தில் வந்தவர், “அந்தம்மாவப் பாரேன், ஒரு பை உப்புக்கு!” என்றார். அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

அந்தம்மா கை நீட்டுகிற வீடு என்று ஊரில் பேச்சாகிவிட்டது. அதற்குப் பிறகு பேச்சுவார்த்தைக்கு அங்கே யாரும் வரவில்லை. முள்கம்பியைத் தாலுகா ஆபீஸ் எடுக்கச் சொல்வதற்குள் மழைக்காலமே வந்துவிட்டது.

இரண்டே நாளில் ஐயா உப்பை மறந்தார், கூட்டத்தை மறந்தார். கோபம் மட்டும் நின்றுவிட்டது. ஏன் என்று தெரியாமலே அம்மா பரிமாற வந்தால் தட்டை நகர்த்திக்கொள்வார். “நீ போடுப்பா” என்று என்னைக் கூப்பிடுவார்.

“நான் உண்மையச் சொல்லிடுறேம்மா” என்றேன்.

“சொன்னா, மறந்துட்டோம்னு அவருக்கே தெரிஞ்சிடும். அது வேணாம்.”

அதனால் நான் பரிமாறினேன். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, எதை எவ்வளவு என்று கையால் காட்டுவார்.

“ரசம் யார் வெச்சது?” என்று ஐயா ஒரு நாள் கேட்டார்.

கதவைப் பார்த்தேன். அம்மா என்னைக் காட்டினார்.

“நான்தாங்கய்யா.”

“பரவாயில்லையே.”

எச்சில் தட்டோடு உள்ளே போனேன். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு கரண்டி கேட்டாரா?” என்றார், திரும்பாமலே.