பின்னால் வைத்த கால்

மல்லிப்பட்டினம் கரையை விட்டுப் படகு நகர்ந்ததுமே அம்சம் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். இது மூன்றாவது பயணம். முதல் இரண்டு தடவையும் பாதி வழியில் படகுக்குள் சுருண்டு படுத்து, "கரைக்குக் கொண்டு போயிடுங்க" என்று அழுதாள். அவளுக்காகவே படகு திரும்பியது. இன்றும் அப்படி ஆனால் இனிமேல் அழைத்துப் போக முடியாது என்று பூர்ணிமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஓங்கில்களை, அதாவது டால்பின்களை, எண்ணிப் பார்க்கும் ஆராய்ச்சிக் குழுவை நடத்துகிறவள் அவள்தான்.

அம்சம் ஒரத்தநாட்டுப் பக்கம் நடவு வேலைக்குப் போகிறவள். நீச்சல் தெரியாது. வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் வந்தாலே மேட்டில் ஏறிக்கொள்வாள். போன ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுக்குப் போட வந்தபோது, கரையில் ஒதுங்கிக் கிடந்த ஓங்கில் ஒன்றைப் பார்த்தாள். அது உச்சந்தலையால் மூச்சு விட்டது. ஒவ்வொரு மூச்சும் இளைப்புக்காரன் மூச்சைப் போல இழுத்தது. மாற்றுப் புடவையை நனைத்து அதன் முதுகில் போர்த்திக் கூடவே உட்கார்ந்திருந்தாள். பூர்ணிமாவின் ஆட்கள் வந்தும் அது பிழைக்கவில்லை.

"உசுரோட ஒண்ண பாக்கணும் பாப்பா. நானும் வாரேன்" என்றாள் பூர்ணிமாவிடம்.

"கூலி கிடையாதுக்கா."

"நான் கூலியா கேட்டேன்?"

அப்படித்தான் இந்தப் படகில் ஏறினாள்.

"என்ன தங்கச்சி, இன்னிக்குத் தலகாணி கொண்டாந்துருக்கியா?" என்றார் படகோட்டும் சேக் தாவூது.

"போங்கண்ணே, நீங்க ஓட்டுறத ஒழுங்கா ஓட்டுங்க."

பிடித்த விளிம்பை அவள் விடவில்லை. ஆனாலும் படுக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பார்க்க வேண்டும். அவளுக்கு இடப்பக்கம். கரை மறைந்தது. இன்ஜினை நிறுத்தியதும் வந்த அமைதி, சத்தத்தைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. எழுந்து நின்று, குனிந்து தண்ணீரையே பார்த்தாள்.

கறுப்பாக ஒரு முதுகு எழுந்து அமிழ்ந்தது.

"அந்தா! அந்தா வருது!"

அது படகை நோக்கியே வந்தது. முழுதாகப் பார்த்துவிடும் அவசரத்தில், குனிந்தபடியே ஓரடி பின்னால் வைத்தாள். இன்னோரடி வைத்தாள். நாற்று நடுகிறவள் முன்னால் போவதில்லை. நட்டதை மிதிக்காமல் பின்னால்தான் நகர்வாள். சிறு வயதிலிருந்து அவள் கால் பழகிய வழி அது. வயலில் பின்னால் எப்போதும் சேறு இருக்கும். இங்கே மறுபக்க விளிம்பு முழங்காலுக்குப் பின்னே தட்டியது. அதற்கப்பால் ஒன்றுமில்லை.

உப்பு நீர் மூக்கில் ஏறியது. உயிர்காப்புச் சட்டை அவளை மேலே தூக்கியது. கால்கள் சேற்றைத் தேடின. சேறே இல்லை. அப்போது வழவழப்பான பெரிய உடம்பு ஒன்று அவள் காலை உரசிக்கொண்டு போனது. செத்தோம் என்று நினைத்தாள்.

காதருகே புஸ்ஸென்று ஒரு மூச்சு. இழுப்பில்லாத, முழு மூச்சு. அதை ஒட்டியே சின்னதாக இன்னொன்று.

பிறகு யார் யாரோ கைகள் அவளைப் படகுக்குள் இழுத்துப் போட்டன.

"பின்னால எதுக்குக்கா போனீங்க?" பூர்ணிமா ஒரு துண்டை அவள் தோளில் போர்த்தினாள்.

"நடவுல அப்படித்தான் பாப்பா போவோம்…"

"கடல்ல நாத்து நட வந்த மொத ஆளு நீதான் தங்கச்சி" என்று தொடங்கிய சேக் தாவூது, அவள் பற்கள் தந்தியடிப்பதைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"கரைக்குத் திருப்பச் சொல்லவாக்கா?"

திருப்பு, திருப்பு என்றது அவள் உடம்பு முழுவதும். படகோரத்துக் கயிற்றைப் பிடித்த விரல்கள் விட மறுத்தன.

"பெருசு ஒண்ணு, குட்டி ஒண்ணு. எழுதிக்க" என்றாள்.

தவழ்ந்தே போய், நடுவிலிருந்த ஐஸ் பெட்டியில் முதுகை அழுந்தச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"இங்கேருந்து பின்னால போக எடமில்ல. போகச் சொல்லு பாப்பா."

இன்ஜின் உறுமியது. அம்சத்தின் நடுக்கம் நிற்கவில்லை. கண்ணையும் அவள் மூடவில்லை.