மூணு லிஸ்ட்லயும் முதல் பேரு

ரெண்டாவது தெரு திரும்பும்போதே சாராள் விசிலை வாயில வச்சிடுறாங்க. காலையில அஞ்சரை மணி. ஒரு வாசலுக்கு ஒரு ஊதல்தான், ரெண்டாவது கெடையாது. கதவு தொறக்கலேன்னா ஜன்னல் பக்கம் குனிஞ்சு, "ஏ நர்மதா, உன் சுகரு எழுந்து டீ குடிச்சிடுச்சு, நீ இன்னும் தூங்கிக்கினு கீற"ன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுறாங்க. விசில் தொங்குறது கம்பெனி ஐடி கார்டு கயிறுல.

வயசு நாப்பத்தாறு. தேர்வாய் கண்டிகையில ஒரு கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன். எட்டு மணி நேரமும் நின்னபடி வேலை. காலுல கம்பெனி குடுத்த பழைய சேஃப்டி ஷூ, முன்பக்கம் இரும்பு. காலையில ஆடுற மைதானத்துலயும் அதேதான். யாராவது சிரிச்சா, "இத்தப் போட்டுக்கினு ஓடிப் பழகிட்டா, கழட்னதும் பறந்துடலாம்"னு பதில் வரும்.

இதெல்லாம் ஆரம்பிச்சது நர்ஸ் கிறிஸ்டினா. ரெண்டு வருஷம் முன்னாடி மகளிர் குழுக் கூட்டத்துல எல்லார் விரலையும் குத்திப் பார்த்தாங்க. முப்பது பேர்ல பதினோரு பேருக்கு சர்க்கரை. சாராளுக்கு இருநூத்தி எண்பது. தெனமும் ஓடி ஆடுங்கன்னு சொன்னதும் பொம்பளைங்களுக்குக் கோவம் வந்துடுச்சு. "நாள் பூரா நின்னுக்கினே கீறோம் சிஸ்டர், இதுக்கு மேல இன்னா எக்சசைசு?"

சாராள்தான் திரும்பிப் பார்த்து, "கரன்ட் கம்பம் கூடத்தான் நாள் பூரா நிக்குது. அது இன்னா ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சிடுச்சா?"ன்னாங்க. மறுநாள் மைதானத்துக்கு ஏழு பேர் வந்தாங்க.

அப்புறம் ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கினாங்க. குழு பந்து வாங்கித் தந்துச்சு. சபையோட பெண்கள் ஐக்கியம் ரெண்டு கம்பம் குடுத்துச்சு. கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுற கம்பம். அதனால டிசம்பர்ல ரெண்டு பேர் வலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். தொழிற்சங்கம் பேசினதுல, நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற கம்பெனி பஸ் இப்ப மைதானத்து ஓரமா நிக்குது. குழு, சபை, சங்கம் மூணுக்கும் பேனர்ல தன் பேரு மேல இருக்கணும். சாராள் மூணு பேனரையும் வாங்கி வீட்டுல வச்சிட்டாங்க. "பேனருக்கு இன்னா சுகரா கீது? மடிச்சி உள்ள வையி."

ஆட்டம் த்ரோபால். பந்தை ரெண்டு கையால பிடிக்கணும், மூணு எண்ணுறதுக்குள்ள ஒத்தக் கையால வலைக்கு அந்தப் பக்கம் எறியணும். சாராளுக்கு இப்ப சர்க்கரை நூத்தி அறுபது.

மைதானத்துக்கு எதிர்ல, ரோட்டைத் தாண்டினா பால் சொசைட்டி. அங்க பால் ஊத்த வர்றது ஊர்க்காரங்க, நெல்லு நிலம் வச்சிருக்கிற குடும்பங்க. காலனிப் பொம்பளை சாராள். அவங்க அம்மா அந்த நிலத்துலதான் நாத்து நட்டாங்க. கூலியோ கூழோ, தரையில வச்சுத்தான் கை மாறும். அந்தக் காலம் போயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. சாராள் கைக்கு அது தெரியாது. சொசைட்டி செயலாளர் ஜோதிலட்சுமிக்கு ஒரு நோட்டீஸ் குடுக்கணும்னா கூட மேஜை மேல வச்சிட்டுக் கையை இழுத்துக்குவாங்க. பந்து ரோட்டைத் தாண்டினா ஜோதிலட்சுமி காலால உருட்டி விடுவாங்க. இந்தப் பக்கத்துல இருந்து பந்து போனாலும் அதே மாதிரி உருண்டுதான் போகும். ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசினதே இல்ல.

ஆனா பால் ஊத்தின பிறகு ஊர்ப் பொம்பளைங்க யாரும் உடனே கிளம்புறது இல்ல. காலி கேனோட நின்னு ஆட்டம் பார்ப்பாங்க. லைன்ல கால் பட்டா முதல்ல கத்துறதே ஜோதிலட்சுமிதான்.

போன மாசம் அந்த மைதானத்துக்கு ஒரு கேடு வந்துச்சு. கன்டெய்னர் லாரி நிறுத்த இடம் வேணும்னு ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் ஊராட்சியில கேட்டுச்சு. தலைவர் மோகன்ராஜ் கெட்ட ஆள் இல்ல, ரெண்டு பக்கமும் தலையாட்டுற ஆள். "ஞாயித்துக்கெழம காலைல ஆடுறவங்க நாப்பது பேரைக் காட்டுக்கா. அவனுக்கு இல்லன்னு சொல்லிடறேன்"ன்னார்.

குழுகிட்ட இருந்து இருபத்திநாலு பேர் லிஸ்ட் வந்துச்சு. சபை இருபத்திரெண்டு. சங்கம் பத்தொம்போது. சாராள் கூட்டிப் பார்த்து, அறுபத்தஞ்சுன்னு தலைவர்கிட்ட தைரியமா சொல்லிட்டாங்க. மூணு லிஸ்ட்லயும் முதல் பேரு தன்னோடதுன்றது அப்ப உறைக்கல. குழுவுல இருக்கிறவதான் சபையில பாடுறா, சபையில பாடுறவதான் சங்கத்துக்கு சந்தா கட்டுறா.

ஞாயித்துக்கெழம மோகன்ராஜ் பைக்கை ஓரங்கட்டி, விரலை நீட்டி எண்ணினார். "இருபத்தாறு. மீதி எங்கக்கா?"

"மீதியும் நாங்கதான்."

"இன்னாக்கா பேஜாராக்கீது. எட்டு மணிக்கு லாரிக்காரன் வந்து நிப்பான், நான் இன்னா சொல்றது?"

சாராள் பந்தை இடுப்புல இடுக்கிக்கிட்டு ரோட்டோரம் போய் நின்னாங்க. எதிர்ல பதினஞ்சு பதினாறு பேர், கையில கேன்.

"இன்னா சாரா, இன்னிக்கி ஆட்டம் இல்லியா?"ன்னு ஜோதிலட்சுமி கேட்டாங்க.

"ஆள் பத்தல மா. நாப்பது பேர் இல்லன்னா லாரி நிறுத்திடுவாங்களாம். நீங்க வாங்க."

"நல்லா சொன்ன போ. எங்களுக்கு இன்னா ஆட்டம் தெரியும்?"

"தெனிக்கும் தப்பு சொல்றது நீங்கதான். லைன்ல கால் வச்சா பத்து ஊட்டுக்குக் கேக்குற மாரி கத்துறீங்க."

பின்னாடி ரெண்டு பேர் சிரிச்சாங்க. ஜோதிலட்சுமி சிரிக்கல. "அது பாக்குறது. இது வேற."

"பாக்குறவங்கள மோகன்ராஜு எண்ண மாட்டாரு மா."

ஜோதிலட்சுமி கேனைக் கை மாத்திக்கிட்டாங்க. சாராள் குனிஞ்சாங்க. பந்தைத் தரையில வச்சு உருட்டி விடப் போறாங்கன்னு ரெண்டு பக்கமும் நெனச்சாங்க. பந்து தரைக்கு ஒரு சாண் மேல நின்னுச்சு. அப்புறம் சாராள் நிமிர்ந்தாங்க. ஒத்தக் கையால, ஆட்டத்துல எறியிற மாதிரியே, நேரா ஜோதிலட்சுமி மார்பைப் பார்த்து வீசினாங்க.

கேன் கீழ விழுந்துச்சு. பந்து ரெண்டு கையிலயும் இருந்துச்சு.

ஜோதிலட்சுமி பந்தைப் பார்த்தாங்க, தன் கையைப் பார்த்தாங்க. பின்னாடி யாரோ கேனைத் தரையில வைக்கிற சத்தம். அப்புறம் இன்னொரு கேன். பைக் மேல இருந்த மோகன்ராஜ் இருபத்தேழுக்கு விரலை நீட்டிட்டு, மடக்குறதா வேணாமான்னு தெரியாம அப்படியே வச்சிருந்தார்.

சாராள் இரும்பு ஷூவை அகட்டி வச்சு நின்னாங்க. ரெண்டு கையையும் விரிச்சு நீட்டினாங்க. எண்ண ஆரம்பிச்சாங்க.

"ஒண்ணு... ரெண்டு..."