கேட்டதைத்தான் ஊதுவார்

இலுப்பூரிலிருந்து கீரமங்கலத்துக்குச் சடுகுடு ஆடப் போன எங்களில் ஆட்டத்துக்கு ஆகாதவன் நான் ஒருவன்தான். ஆள் குறைகிறது என்று இழுத்துப்போனார்கள்.

சடுகுடுவில் பாட்டுதான் உயிர். பாடிக்கொண்டே எதிராளி பக்கம் போகிறவன் திரும்பும்வரை மூச்சு விடக் கூடாது; பாட்டு அறுந்தால் அவுட். கீரமங்கலத்துச் சனம் இதில் ஒரு வித்தை வைத்திருந்தது. அவர்கள் ஆள் பாடி வரும்போது ஊரே சேர்ந்து பாடும். அவன் நடுவில் மூச்சு விட்டானா, முறுக்குத் தின்றானா, ஒன்றும் தெரியாது. எங்கள் ஆள் போனாலோ, கைக்குழந்தையின் வாயைக்கூடப் பொத்திவிடுவார்கள். எச்சில் விழுங்குவது கேட்கும்.

எங்கள் கேப்டன், என் பெரியம்மா மகன், நடுவரிடம் முறையிட்டார். நடுவர் யோக்கியமான வாத்தியார்.

"காதுல விழுந்ததைத்தாங்க நான் ஊத முடியும்," என்றார்.

அடுத்த பாட்டில் கேப்டனை மொத்தமாக அமுக்கினார்கள். கணுக்கால் பிசகிவிட்டது. அவர் நொண்டிக்கொண்டு வெளியேற, அந்த நொண்டலுக்குத் தாளம் தப்பாமல் சனம் கைதட்டியது.

கடைசிப் பாட்டு. இரண்டு பக்கமும் புள்ளி சமம். எங்கள் பக்கம் மிச்சம் நான்தான்.

"யாரையும் தொடாதடா. பாடிட்டுத் திரும்பிரு. சமத்துல முடிஞ்சிரும்," என்றார் அண்ணன், காலைப் பிடித்தபடி.

போனேன். ஊர் வாயை மூடிக்கொண்டது. என் குரல் எனக்கே ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் கேட்டது. எப்படியோ திரும்பிவிட்டேன். நடுக்கோடு எட்டிவிடும் தூரம். அப்போது முன்னால் நின்ற சோடாக்காரர் வெகு பிரியமாகக் கேட்டார்:

"தம்பிக்குத் தொண்டை காயுது போல. ஒரு சோடா ஒடைக்கவாங்க?"

"வேணாம்ங்க, இருக்கட்டும்," என்றேன்.

பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமென்று எங்கள் வீட்டில் அடித்து வளர்த்திருந்தார்கள். அடி வீண்போகவில்லை. வாத்தியார் காதில் அது சுத்தமாக விழுந்தது. ஊதினார்.

சனம் என்னைத் தோளில் தூக்கிவைத்து ஆடியது. சோடாக்காரர் நிசமாகவே ஒன்றை உடைத்துக் கையில் திணித்தார். "குடிங்க தம்பி. செயிச்சுக் குடுத்திருக்கீங்க."

இந்தத் தடவை வேண்டாமென்று சொல்ல நாக்கு எழவில்லை. மடமடவென்று குடித்தேன்.

கீழே இறக்கிவிட்டபோது அண்ணன் எதிரே இருந்தார். கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

"எனக்கு ஒரு வாய் வச்சிருக்கியாடா?"

பாட்டிலை ஆட்டிப் பார்த்தேன். கோலி மட்டும் உருண்டது.