சிவப்புக் கதவும் புகையும்

கூரை இல்லை என்று இன்று நான் சொல்லவில்லை.

அயர்லாந்தில் படிப்பு முடிந்து கப்பலேறுமுன், எங்கள் கொடைக்கானல் பள்ளி சிஸ்டர் பிறந்த கிராமத்துக்குப் போயிருந்தேன். பழைய மடாலயமும் கல் சிலுவையும் வட்டக் கோபுரமும் உறுதியாக நிற்கின்றன. அவர் வீடுதான் கூரையில்லாமல் இடிந்து கிடக்கிறது; வாசல் கதவு மட்டும் மிச்சம். அந்த வீட்டிலிருந்த தம்பியிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தே மூன்று வருடம்.

இன்று கொடைக்கானலில் அவரைப் பார்க்க வந்தேன். சிஸ்டருக்கு இப்போது ஓய்வு. ஊர் திரும்புவதா, இங்கேயே இருப்பதா என்று தலைமை மடத்துக்கு இன்றே பதில் எழுத வேண்டும்.

தோட்டக்காரர் கருப்பையா வாசலில் காத்து நின்றார். "தபால் பையைக் கட்டிருவாங்க சிஸ்டர், வெரசா குடுங்க!"

"பொறுங்க. ஏம்மா, எங்க வீட்டைப் பார்த்தியா?"

"பார்த்தேன் சிஸ்டர். நீங்க சொன்ன சிவப்புக் கதவு அப்படியே இருக்கு."

"புகைபோக்கியில புகை வந்துச்சா? அடுப்பை நாங்க அணைய விடவே மாட்டோம். ராத்திரி சாம்பல் போட்டு மூடி, காலையில ஊதிக்கிடுவோம்."

"கதவு நல்ல சிவப்பு, சிஸ்டர்."

"நான் புகையைக் கேக்குறேன், நீ கதவைச் சொல்றே" என்றார். பேனாவைத் திறந்தார்.

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இங்கேயே இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு, மாலையில் சிஸ்டர் கருப்பையாவோடு பூண்டு நட்டார்.