சரிவில் ஒரு சிவப்புக் கோடு

நான் கட்டாரில் டைல் பதித்துக்கொண்டிருந்த காலத்தில், கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த ஏழு பேர்ச் காணியில் என் மனைவி அத்திவாரம் போடத் தொடங்கிவிட்டாள். உதவிக்கு நின்றவர் அவளுடைய அண்ணன், தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டும் என் மச்சான். நான் திரும்பி வந்தபோது நாலு மூலையிலும் கொங்கிரீட் போட்டு முடிந்திருந்தது. கல் கட்டுவதற்கு முன்னால் மட்டம் பார்த்துவிடலாம் என்று, அங்கிருந்து கொண்டுவந்த லேசர் மட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்தேன். ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன்.

கட்டாரில் அது அப்படித்தான். சமமான தளத்தில் முக்காலியை விரித்து, கருவியை வைத்து, சாவியைத் திருப்பினால் சுவரைச் சுற்றிச் சிவப்புக் கோடு வந்து நிற்கும். கந்தப்பளைச் சரிவில் முக்காலியே நிற்கவில்லை. மேல்பக்கம் தரை இறுகலாக இருந்ததால் அங்கே வைத்தேன். கருவி விட்டுவிட்டு மின்னி, கீச்சிட்டது. ரொம்பச் சாய்ந்திருக்கிறது, தன்னால் நேராக முடியாது என்று பொருள். மேட்டுக் காலைக் குறுக்கி, பள்ளத்துக் கால்களை நீட்டி, கூர்முனையை மிதித்து இறக்கிய பிறகுதான் அமைதியானது.

அப்போதுதான் கீழே குறுக்குப் பாதையில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போன பெண்கள் ஏறி வருவதைப் பார்த்தேன். என் இடுப்பு உயரத்தில் புறப்படும் கோடு, சரிவில் ஏறி வருகிறவர்களின் கண்ணுக்கு நேராகப் போகிறது. ஓடிப்போய்க் கருவியை அணைத்தேன். அவர்கள் போனதும் போட்டேன். அடுத்த கூட்டம் வந்தது. மறுபடி அணைத்தேன்.

"என்னாங்க, போடுறதும் அமத்துறதுமா இருக்கீங்க?" என்றாள் மனைவி. கோடு பட்டால் சத்தம் போடும் ரிசீவர் மாட்டிய அளவுகோலைப் பிடித்தபடி ஈரத்தில் நின்றிருந்தாள்.

"கண்ணுல பட்டா கெடுதிம்மா."

"ஒன்னுமே தெரியலயே."

அதுதான் தொல்லை. பகல் வெளிச்சத்தில் கோடு தெரியாது. தெரியாததற்கு யாரும் பயப்படுவதில்லை.

மச்சான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் கிடந்த சிவப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கருவியின் முன்னால் குனிந்தார். நான் கையை நீட்டி அதன் முகத்தை மறைத்தேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான்.

"கண்ணாடி போட்டிருக்கேன்ல மாப்புள."

"அது கோடு நல்லா தெரியிறதுக்குப் போடுறது மச்சான். கண்ணக் காப்பாத்தாது."

"அப்பறம் எதுக்குக் கண்ணாடின்னு குடுக்குறான்?"

கருவியை அணைத்துப் பூட்டி, முக்காலியோடு கீழ் விளிம்புக்குத் தூக்கிப் போனேன். அங்கிருந்து மேட்டுப்பக்கம் திருப்பி வைத்தால், கோடு மண்வெட்டிய சரிவில் போய் முடிந்துவிடும். பாதையில் நடப்பவர்களுக்கு ஆபத்தில்லை. ஆனால் கீழ் விளிம்பு முழுக்கக் கொட்டி நிரப்பிய மண். ஒரு கால் கண்முன்னாலேயே இறங்கியது. பலகை வைத்தேன். பலகையும் இறங்கியது. கருங்கல் தேடிக் கொண்டுவந்து புதைத்து, அதன்மேல் கால்களை ஊன்றி, முக்காலி ஆடாமலிருக்க நடுவில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். அதற்குள் பனி இறங்கிக் கருவியின் கண்ணாடி மங்கிவிட்டது. துணியால் துடைத்தேன். ரிசீவர் சத்தமே போடவில்லை. கருவியில் வெளியிடத்துக்கான பொத்தானை அழுத்த மறந்திருக்கிறேன் என்று கண்டுபிடிக்க எனக்கு வெகு நேரம் ஆனது.

கடைசியில் ரிசீவர் கத்தியது. கோல் மேலே இருந்தால் ஒரு மாதிரி, கீழே இருந்தால் ஒரு மாதிரி. சரியான இடத்தில் நீளமாக. மூன்று மூலைகள் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. கோயில் பக்கத்து மூலை மட்டும் நாலு விரல் தாழ்ந்திருந்தது.

மச்சான் முகம் மாறியது. "மெசினு கெட்டுப் போயிருக்கும். பிளேன்ல தூக்கிப் போட்டிருப்பானுங்க."

அதை மறுக்க முடியவில்லை. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. இரண்டு லய வீட்டு வரிசைகளுக்கு நடுவில் கருவியை வைத்து, இரு சுவர்களிலும் ரிசீவர் நீளமாகக் கத்திய இடத்தில் கரித்துண்டால் குறித்தோம். பிறகு ஒரு சுவரை ஒட்டி வைத்து மறுபடி குறித்தோம். இரு சுவர்களிலும் பழைய குறிக்கும் புதிய குறிக்கும் உள்ள இடைவெளி ஒன்றாக இருந்தால் கருவி சரி. டேப்பை மச்சானிடமே கொடுத்தேன். அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். இரண்டும் ஒன்றுதான். டேப்பைச் சுருட்டி என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லை. லீவு நாளெல்லாம் எங்களுக்காக மண் வெட்டிய மனிதர் அவர்.

"நீங்க வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தா வெறும் புல்லுதாங்க இருந்திருக்கும்," என்றாள் மனைவி. அவள் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் உறுத்தியது.

மழை தூறியது. கருவியை அணைத்து, பெட்டரியைக் கழற்றி, ஈரம் காயட்டும் என்று பெட்டியை மூடாமல் நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவுக்குள் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு மச்சான் சீமெந்து மூட்டையோடு வந்தார். தாழ்ந்த மூலையைக் கொத்திக் கரடாக்கி, கம்பி வைத்து உயர்த்தத் தொடங்கினோம். ரிசீவரை அவரே பிடித்தார். கண்ணாடி போடவில்லை, கருவியின் பக்கம் திரும்பவும் இல்லை. பாதையில் ஆள் வந்தபோதெல்லாம், "ஆளு வருது, அமத்து," என்று எனக்கு முன்னால் சத்தம் கொடுத்தார். அவ்வளவுதான் பேச்சு. பின்னேரம் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. மூலை ஒரு விரல் இன்னும் தாழ்வாகவே இருந்தது.