மாடி வீட்டு ஆறு ஓட்டுகள்

வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், நாம் வாயைத் திறப்பதற்குள் "சோப்புத்தூள் வேண்டாமுங்க" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். நான் பால்வாடி டீச்சர். படிப்பு எட்டாவதோடு சரி. தொண்ணூறுகளில் ஒரு தேர்தலுக்கு முன்னால், பீளமேட்டில் கல்லூரிப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கும் தெருவை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். பதினெட்டு வயதுக்கு ஓட்டு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. அவ்வளவு படித்த பிள்ளைகளிடம் நான் போய் என்ன சொல்வது என்று முதல் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வேலை பார்த்த உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எந்த வீடு?

ஒரு மாடி வீட்டில் ஆறு பெண்கள் தங்கி இஞ்சினியரிங் படித்தார்கள். ஓட்டு என்று சொன்னதுமே கட்டிலை விட்டுக் குதித்து வந்து படிவங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்கும் அந்த உற்சாகம் தொற்றிக்கொண்டது. எழுதி நீட்டியதைப் பார்த்தால், காரமடை, கிணத்துக்கடவு என்று ஆறு பேரும் சொந்த ஊர் முகவரியை எழுதியிருந்தார்கள்!

தங்கியிருக்கும் முகவரி இல்லாமல் என் தெருவில் சேர்க்க முடியாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். கையில் மிச்சம் ஏழே படிவம். கிணத்துக்கடவு ஜெயந்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மூணு வருசமா இங்கதானுங்க டீச்சர் இருக்கறோம். ஊடு எங்கேன்னு கேட்டா, கை தானா அப்பன் ஊட்டைத்தான் எழுதுதுங்க."

கீழ்வீட்டு அம்மா

இந்தப் பெண்கள் இங்கேதான் குடியிருக்கிறார்கள் என்று வீட்டுக்கார அம்மா ஒரு கடிதம் தரவேண்டும். அந்த அம்மா பேனாவைத் தொடவே இல்லை. அரசாங்கக் காகிதத்தில் பேர் ஏறினால் நாளைக்கு வீடே எங்களுது என்று கேஸ் போட்டுவிடுவார்களாம்.

"நான் பதினாலு வருசமா வாடகை ஊட்டுல இருக்கறேனுங்க. என் பேரும் லிஸ்டுல இருக்குது. இன்னும் ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேட்டுத்தானுங்க அடிக்கறேன்" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது சொன்னார்: "லிஸ்டுல எம் பேருக்குக் கீழ எழுதுங்க டீச்சரம்மா. மாடியில இருந்தாலும் அவங்க கீழதான்."

இரண்டு வயது

வியாழக்கிழமை போனபோது ஐந்து படிவம்தான் தயாராக இருந்தது. ஜெயந்தியின் அப்பா வந்து தடுத்துவிட்டுப் போயிருந்தார். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஜாதகத்தில் இரண்டு வயதைக் குறைத்திருக்கிறார்கள். பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் வயதோடு ஒட்டுவோமே, மாப்பிள்ளையின் மாமா குடியிருப்பதும் இதே தெரு.

பெற்றவர் பேச்சை மீறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள்தான் பேசினாள். ஊரில் அப்பா அவள் பேரைச் சேர்க்கவே இல்லையாம். கல்யாணமாகி எந்த ஊருக்குப் போகிறாளோ, அங்கே இவளுக்காக யார் படிவம் கொண்டுவருவார்கள்? பெட்டியிலிருந்து பத்தாவது சர்டிபிகேட்டை எடுத்து, நிஜ வயதை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "அப்பா குறைச்சது ஜாதகத்துலதானுங்க டீச்சர். நான் அப்படியேதான் இருக்கறேன்."

நாளைக்கு வாங்க

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஆறு படிவத்தையும் மடியில் வைத்து, எண்ணியதையே எண்ணிக்கொண்டு போனேன். தாலுகா ஆபீஸில் கிளார்க் பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வாங்கம்மா."

"நாளைக்கு வந்தா வாங்கிக்குவீங்களா சார்?"

அவர் சாவியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பீரோவை மறுபடி திறந்தார். "வாங்க மாட்டேன். அதனாலதான் நாளைக்கு வரச் சொன்னேன்."

மை

பட்டியலை ஒட்டிய அன்றே மாப்பிள்ளையின் மாமா படித்துவிட்டார். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. ஓட்டு நாள் வரை எனக்கு நிம்மதியான தூக்கம் இல்லை.

அன்றைக்குப் பதினொரு மணி வாக்கில் ஜெயந்தி வந்து வரிசையில் நின்றாள். பின்னால் மற்ற ஐந்து பேரும். விரலில் மையோடு அவள் வெளியே வந்தபோது நானே முதல் ஓட்டுப் போட்டதுபோல் இருந்தது. பார்த்தால், அவள் அப்பா ஊரில் ஓட்டுப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து வாசலில் நிற்கிறார். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் மகள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருக்கு அம்மணி போட்டே?"

"அதைச் சொல்லக் கூடாதுங்கப்பா."

அவர் என்னைக் கண்டுபிடித்துக் கிட்டே வந்தார். திட்டப்போகிறார் என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க டீச்சர், எங்க ஊட்டு ஓட்டு அத்தனையும் நான் சொல்ற சின்னத்துக்குத்தானுங்க விழும். இப்ப ஒண்ணு எங்க போச்சுன்னே தெரியலீங்களே."

பேர் சேர்ப்பதற்குப் படிவம் கொடுத்த அரசாங்கம், அப்பாக்களுக்குப் பதில் சொல்வதற்கு மட்டும் எங்களுக்கு ஒன்றும் அச்சடித்துக் கொடுக்கவில்லை.